விழவைத்த கலை, விழாமல் காக்கும் கலை

எழுபதைத் தாண்டிய நாலு பேர் கூடும் இடத்தில் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் யாராவது ஒருவர் விழுந்த கதையில் வந்து நிற்கும். "பாத்ரூம்ல வழுக்கிட்டாராம்", "படியில கால் தவறிடுச்சாம்", "இடுப்பு எலும்பாம், ஆபரேஷனாம்". அதற்குப் பிறகு அவரைப் பற்றி விசாரிக்கும் குரலே மாறிவிடும். சர்க்கரையோடும் ரத்த அழுத்தத்தோடும் மாத்திரை போட்டுக்கொண்டு குடித்தனம் நடத்தப் பழகிவிட்ட நமக்கு, ஒரே நொடியில் தனியாக நடமாடும் சுதந்திரத்தைப் பறித்துவிடக் கூடியது இந்த விழுதல்தான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள். விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இறப்பவர்களில் 60 வயதைக் கடந்தவர்களே அதிகம்.

இதைத் தடுக்கச் சொல்லப்படும் பயிற்சிகளில் ஒன்று தாய்ச்சி. சீனப் பூங்காக்களில் விடியற்காலையில் முதியவர்கள் கூடி, தண்ணீருக்குள் நடப்பதுபோல மெதுவாகக் கைகால்களை அசைப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். பணி ஓய்வுக்குப் பின் கிடைத்த நேரத்தில் இதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அப்போதுதான் ஒரு வேடிக்கை புரிந்தது. இது வயதானவர்களுக்காக யாரோ வகுத்த உடற்பயிற்சி இல்லை. எதிரியைத் தரையில் சாய்ப்பதற்காகப் பிறந்த சண்டைக் கலை. அடுத்தவனை விழவைக்கக் கண்டுபிடித்த வித்தை, நாம் விழாமல் இருப்பதற்கான வித்தையாக எப்படி மாறியது? அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சீன மொழியில் முழுப் பெயர் தாய்ஜிசுவான். 'சுவான்' என்றால் முஷ்டி, அதாவது குத்துச்சண்டை. 'தாய்ஜி' என்பது, கறுப்பும் வெள்ளையும் ஒன்றையொன்று துரத்துவதுபோல வரையப்பட்டிருக்கும் வட்டத்தின் தத்துவம். ஒன்று நிறையும்போது மற்றொன்று குறையும். ஆனால் எதுவும் முற்றாக அழிவதில்லை. இந்தத் தத்துவம் நம் கட்டுரைக்குப் பிற்பாடு தேவைப்படும். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாப் பழங்கலைகளையும்போல இதற்கும் ஒரு புராணம் உண்டு. வூடாங் மலையில் தவம் செய்துகொண்டிருந்த ஜாங் சான்ஃபெங் என்ற தாவோ துறவி, ஒரு பறவையும் பாம்பும் சண்டையிடுவதைப் பார்த்தாராம். பறவை கொத்தும்போதெல்லாம் பாம்பு வளைந்து நெளிந்து தப்பியதாம். மென்மை வன்மையை வெல்லும் என்று உணர்ந்து இந்தக் கலையை உருவாக்கினாராம். கேட்க அழகான கதைதான். ஆனால் தாங் ஹாவ் என்ற சீன ஆய்வாளர் 1930-இல் வெளியிட்ட நூலில் இதற்கு வரலாற்று ஆதாரம் இல்லை என்று எழுதிவிட்டார். அதே நூலில் ஷாவோலின் மடத்துக் குத்துச்சண்டையைப் போதிதர்மர் கற்றுக்கொடுத்தார் என்ற கதையையும் அவர் மறுத்திருக்கிறார். சீனத்துச் சண்டைக் கலை என்றதும் 'அதெல்லாம் காஞ்சிபுரத்திலிருந்து போனதுதானே' என்று சொல்லும் நம்மவர்களுக்கு இது சற்று வருத்தமாக இருக்கலாம். என்ன செய்வது, கதை வேறு, வரலாறு வேறு.

வரலாறு என்று பெரும்பாலோர் ஏற்பது இதைத்தான். சீனாவின் ஹெனான் மாகாணத்தில், மஞ்சள் ஆற்றுக்கு வடக்கே, வென் வட்டத்தில் சென்ஜியாகோவ் என்று ஒரு கிராமம். சென் குலத்தாரின் ஊர். 17-ஆம் நூற்றாண்டில், மிங் வம்சம் வீழ்ந்து சிங் வம்சம் எழுந்த குழப்பமான காலத்தில், அந்தக் குலத்தில் சென் வாங்டிங் என்ற போர்வீரர் இருந்தார். வயதான காலத்தில் ஊரில் ஒதுங்கியிருந்தபோது, தான் அறிந்த சண்டை முறைகளையும் மூச்சுப் பயிற்சியையும் தாவோ தத்துவத்தையும் இணைத்து இந்தக் கலைக்கு அடித்தளம் இட்டார் என்பது தாங் ஹாவின் முடிவு. அதற்கு முந்தைய நூற்றாண்டில் சி ஜிகுவாங் என்ற தளபதி தன் போர்நூலில் 32 குத்துச்சண்டை நிலைகளை விளக்கியிருந்தார். அவற்றில் பெரும்பாலானவற்றின் பெயர்கள் சென் குலத்தாரின் பயிற்சியில் அப்படியே இருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். ஆக, இதன் வேர் போர்க்களத்தில்தான் இருக்கிறது.

சுமார் இரு நூற்றாண்டுகள் இது குலவித்தையாகவே இருந்தது. வெளியாருக்குக் கற்றுத்தர மாட்டார்கள். அந்த வேலியைத் தாண்டியவர் யாங் லூசான் (1799-1872). ஹெபெய் மாகாணத்தின் யோங்னியான் ஊர்க்காரர். சென் வீட்டில் வேலைக்காரராக இருந்து, இரவில் சுவர் இடுக்கு வழியே பயிற்சியைப் பார்த்துத் திருட்டுத்தனமாகக் கற்றார் என்று ஒரு கதை உண்டு. எப்படியோ, சென் சாங்சிங் என்ற ஆசானிடம் நீண்ட காலம் கற்றுத் தேர்ந்தார். பின்பு பீஜிங் சென்று அரச குடும்பத்தாருக்கும் காவல் படையினருக்கும் ஆசானானார். 'வெல்ல முடியாத யாங்' என்று பட்டப்பெயரும் பெற்றார்.

யாங் குடும்பத்தைப் பற்றி வழங்கும் ஒரு கதை எனக்கு மிகவும் பிடிக்கும். குடும்பத்துப் பெரியவர் ஒருவர் உள்ளங்கையில் ஒரு சிட்டுக்குருவியை வைத்துக்கொள்வாராம். கையை மூடமாட்டார். ஆனாலும் குருவி பறக்க முடியாமல் தவிக்குமாம். குருவி பறக்க வேண்டுமானால் முதலில் காலால் கையை உந்த வேண்டும். அது உந்தும் அதே கணத்தில் அவர் கை ஒரு நூலளவு இறங்கிவிடும். உந்துவதற்குப் பிடிமானம் கிடைக்காமல் குருவி அங்கேயே நிற்குமாம். இது நடந்ததோ இல்லையோ, இந்தக் கலையின் ரகசியம் இதற்குள் இருக்கிறது. எடை எங்கே இருக்கிறது, எந்த நொடியில் எங்கே மாறுகிறது என்பதை உணர்வதுதான் அது. 'தள்ளும் கைகள்' என்று ஒரு பயிற்சி உண்டு. இருவர் எதிரெதிரே நின்று, முன்கைகள் தொட்டபடி, ஒருவர் மற்றவரின் நிலையைக் குலைக்க முயல வேண்டும். முரட்டு பலத்துக்கு அங்கே வேலை இல்லை. தன் எடையை அறிந்தவன் நிற்பான், அறியாதவன் தள்ளாடுவான்.

இந்தச் சண்டைக் கலையை மெதுவாக்கியவர்களில் முக்கியமானவர் யாங் லூசானின் பேரன் யாங் செங்ஃபு (1883-1936). சென் குலத்தாரின் பழைய முறையில் திடீர்ப் பாய்ச்சலும் குதிப்பும் தரை அதிர மிதிப்பதும் உண்டு. இவர் காலத்தில் அவையெல்லாம் ஒதுங்கி, முதலிலிருந்து முடிவு வரை ஒரே சீரான, மெதுவான ஓட்டமாயிற்று. காரணம், காலம் மாறிவிட்டது. துப்பாக்கி வந்தபின் முஷ்டிக்கு என்ன வேலை? 1912-இல் மன்னராட்சி போய்விட்டது. அபினியாலும் போர்த் தோல்விகளாலும் நொந்துபோயிருந்த நாட்டை 'ஆசியாவின் நோயாளி' என்று உலகம் ஏளனம் செய்த காலம் அது. மக்களின் உடலைத் தேற்ற வேண்டும் என்ற எண்ணம் படித்தவர்களிடையே பரவியது. பீஜிங்கிலும் பிறகு ஷாங்காயிலும் சங்கங்கள் அமைத்துப் பொதுமக்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தார்கள். குலவித்தை ஊர்வித்தையாயிற்று.

யாங் செங்ஃபு சொல்லச் சொல்ல அவருடைய மாணவர் எழுதிவைத்த பத்துக் குறிப்புகள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. அவற்றில் ஒன்று, 'நிறைவையும் வெறுமையையும் பிரித்தறி' என்பது. உடலின் எடை முழுவதும் வலது காலில் இருந்தால் வலது கால் நிறைவு, இடது கால் வெறுமை. எடை இடது காலுக்கு மாறினால் அது நிறைவு, இது வெறுமை. முன்பு சொன்ன கறுப்பு வெள்ளை வட்டம் இப்போது நம் இரண்டு கால்களில் வந்து இறங்கிவிட்டது பாருங்கள். இதைப் பிரித்தறியாதவனின் அடி கனத்துப்போகும், அவனை எளிதில் சாய்த்துவிடலாம் என்பது அவருடைய விளக்கத்தின் சாரம். எதிராளியை மனத்தில் வைத்துச் சொன்னது. நம் வயதில் எதிராளி எதற்கு? குளியலறை ஈரமும் வாசற்படியும் போதும்.

அவருடைய மாணவர் செங் மான்சிங் இளம் வயதில் காசநோயால் அவதிப்பட்டு, உடல் தேறுவதற்காகவே இந்தப் பயிற்சியைத் தீவிரமாக எடுத்துக்கொண்டவர். பிற்காலத்தில் யாங் முறையை 37 நிலைகளாகச் சுருக்கி, 1960-களில் நியூயார்க் சென்று அமெரிக்கர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். சீனாவிலும் சுருக்கம் நடந்தது. 1956-இல் அரசின் விளையாட்டுத் துறை, எல்லோரும் கற்கக்கூடிய 24 நிலைகள் கொண்ட எளிய வடிவத்தை வெளியிட்டது. நாம் தொலைக்காட்சியில் பார்க்கும் பூங்காக் காட்சிகளில் பலவும் அந்த 24 தான். 2020-இல் யுனெஸ்கோ இதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இதுவரை சொன்னது நம்பிக்கையின் கதை. இனி வருவது சோதனையின் கதை.

1990-களின் தொடக்கத்தில், முதியோர் விழுவதைக் குறைக்க என்ன வழி என்று கண்டறிய அமெரிக்க அரசின் முதுமை ஆய்வு நிறுவனம் எட்டு இடங்களில் ஆய்வுகளுக்குப் பண உதவி செய்தது. அவற்றில் ஒன்று அட்லாண்டா நகரத்து எமரி பல்கலைக்கழகத்தில் நடந்தது. தலைமை ஸ்டீவன் வுல்ஃப். 70 வயதும் அதற்கு மேலுமான 200 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். 162 பேர் பெண்கள், 38 பேர் ஆண்கள். முதல் குழுவுக்குத் தாய்ச்சி. 108 அசைவுகளை 10 ஆகச் சுருக்கிக் கற்றுக்கொடுத்தவர் டிங்சென் சூ. இரண்டாம் குழுவுக்குக் கணினிப் பயிற்சி. அழுத்தத்தை அளக்கும் பலகைமேல் நின்றுகொண்டு, திரையில் தெரியும் தங்கள் எடையின் புள்ளியைப் பார்த்துக் கட்டுப்படுத்த வேண்டும். மூன்றாம் குழுவுக்கு உடல்நலம் பற்றிய பேச்சும் கலந்துரையாடலும் மட்டும். மொத்தம் 15 வாரங்கள்.

1996-இல் முடிவு வெளியானது. தாய்ச்சிக் குழுவில் திரும்பத் திரும்ப விழும் அபாயம் 47.5 சதவீதம் குறைந்திருந்தது. கணினிக் குழுவில் அப்படிக் குறையவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் 'பழமைக்கு வெற்றி' என்று கைதட்டிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அடுத்த ஆண்டு அதே குழுவினர் வெளியிட்ட இன்னொரு கட்டுரைதான் என்னை யோசிக்கவைத்தது. பயிற்சி முடிந்தபின் ஆட்களைப் பலகைமேல் நிறுத்தி, உடல் எவ்வளவு தள்ளாடுகிறது என்று அளந்திருக்கிறார்கள். கணினிக் குழுவினர் ஆடாமல் நிற்பதில் நன்றாகத் தேறியிருந்தார்கள். தாய்ச்சிக் குழுவினரிடம் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. அதாவது, ஆடாமல் நிற்கக் கற்றவர்கள் விழுவது குறையவில்லை. நிற்கும்போது முன்போலவே ஆடியவர்கள் குறைவாக விழுந்தார்கள். கூடவே, அவர்களிடம் விழுந்துவிடுவோமோ என்ற பயமும் குறைந்திருந்தது.

இது ஏன்? யாரும் சும்மா நின்ற இடத்தில் அதிகம் விழுவதில்லை. எழும்போது, உட்காரும்போது, திரும்பும்போது, வாளியைத் தூக்கும்போது, பேருந்துப் படியில் ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக இருக்கும்போது விழுகிறோம். எடை ஒரு காலிலிருந்து மறுகாலுக்குப் போகும் அந்த இடைவெளியில்தான் ஆபத்து இருக்கிறது. இதற்கு நேரடிச் சான்று பின்னால் கிடைத்தது. கனடாவில் முதியோர் இல்லங்களின் பொது இடங்களில் கேமரா வைத்து, 130 பேரின் 227 விழுதல்களைப் பதிவுசெய்து ஆராய்ந்தார்கள். 2013-இல் வெளியான அந்த ஆய்வில், 41 சதவீத விழுதல்களுக்குக் காரணம் எடையைத் தவறாக மாற்றியது. தடுக்கி விழுந்தவை 21 சதவீதம். வழுக்கி விழுந்தவை வெறும் 3 சதவீதம். வழுக்கல்தான் எதிரி என்று நாம் தரையையே குறை சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

'நிறைவையும் வெறுமையையும் பிரித்தறி' என்று ஒரு சண்டை ஆசான் சொன்னதை, கேமரா வேறு மொழியில் திருப்பிச் சொல்லியிருக்கிறது. எதிரியின் எடை மாறும் நொடியில் அவனைச் சாய்ப்பது அந்தக் காலத்துப் பாடம். நம் எடை மாறும் நொடியில் நாம் சாயாமல் இருப்பது இந்தக் காலத்துப் பாடம். பாடம் ஒன்றுதான். மெதுவாகச் செய்வதற்கும் பொருள் இதுதான். வேகமாக நடக்கும்போது, எடை மாறுவதை உடல் வேகத்திலேயே கடந்துவிடும். மெதுவாக அடி வைத்தால், அந்த ஆபத்தான இடைவெளியில் நீண்ட நேரம் நின்றாக வேண்டும். கண், உள்காது, உள்ளங்கால் மூன்றும் சேர்ந்துதான் நம்மை நிறுத்துகின்றன. வயதாக ஆக மூன்றும் மங்குகின்றன. மெதுவான அடி, உள்ளங்காலுக்கும் தொடைக்கும் அந்த வேலையை மறுபடி பழக்குகிறது.

எல்லா ஆய்வும் வெற்றி இல்லை. அதையும் சொல்லவேண்டும். அதே வுல்ஃப் குழு 2003-இல், 20 முதியோர் குடியிருப்புகளில் உடல் தளரத் தொடங்கிய 311 பேரிடம் 48 வாரங்கள் செய்த ஆய்வில், விழுவது சற்றுக் குறைந்தது. ஆனால் அது தற்செயல் அல்ல என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. நெதர்லாந்தில் 269 பேரிடம் 13 வாரங்கள் நடந்த ஆய்வில் பயனே தெரியவில்லை என்று 2009-இல் அறிவித்தார்கள்.

மறுபக்கம், சிட்னியில் 60 வயதைக் கடந்த 702 பேர் வாரம் ஒரு மணி நேரம் என 16 வாரங்கள் பயின்ற ஆய்வில் விழுதல்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஃபூசோங் லி என்ற ஆய்வாளர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், உடலசைவு குறைந்த 70 முதல் 92 வயது வரையிலான 256 பேர் ஆறு மாதம் பயின்றார்கள். சாதாரண நீட்டல் பயிற்சி செய்தவர்களிடம் 73 விழுதல்கள், தாய்ச்சிக் குழுவிடம் 38. அவரே 2018-இல், ஏற்கெனவே விழுந்தவர்களும் நடையில் சிரமமுள்ளவர்களுமான 670 பேரிடம் 24 வாரங்கள் நடத்திய ஆய்வில், நீட்டல் பயிற்சியைவிட 58 சதவீதமும், பலவகைப் பயிற்சிகளின் கலவையைவிட 31 சதவீதமும் விழுதல் குறைந்தது. அதற்கு அவர் வகுத்தது 8 அசைவுகள் மட்டுமே. நூற்றெட்டில் தொடங்கியது எட்டில் வந்து நின்றிருக்கிறது. பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்ட காக்ரேன் அறிக்கை 2019-இல் சொன்னது, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்று. மந்திரம் இல்லை. ஆனால் செலவில்லாமல் ஐந்தில் ஒரு பங்கு என்பது சிறிய விஷயமும் இல்லை.

இவற்றை அடுக்கிப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இரண்டு. ஒன்று, உடல் மிகவும் தளர்வதற்கு முன்பே தொடங்க வேண்டும். இரண்டு, மூன்று மாதத்தில் முடித்துக்கொள்ளும் சிகிச்சையாக இதை நினைக்கக் கூடாது. ஆறு மாதமாவது விடாமல் செய்ய வேண்டும்.

நம் ஊர்களில் தாய்ச்சி ஆசான் எளிதில் கிடைக்க மாட்டார். பரவாயில்லை. இயன்முறை மருத்துவர் ஒருவரிடம் போய், எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றும் பயிற்சியைச் சொல்லித்தரக் கேளுங்கள். கனமான நாற்காலியின் முதுகையோ சமையலறை மேடையையோ பிடித்துக்கொண்டு, அருகில் ஒருவர் இருக்க, மெதுவாகச் செய்யலாம். தலைச்சுற்றல், மரத்துப்போன பாதம், அண்மையில் எலும்பு முறிவு, மூட்டு மாற்று அறுவை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். தூக்க மாத்திரை, பழைய கண்ணாடி, இரவில் விளக்கில்லாத நடைவழி ஆகியவற்றையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எந்தப் பயிற்சியும் அவற்றுக்கு ஈடாகாது.

கடைசியாக, வீட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கும் மருமகள்களுக்கும் ஒரு வார்த்தை. "நீங்க எழுந்திருக்காதீங்க, நான் எடுத்துத் தர்றேன்" என்று நீங்கள் சொல்வது அன்பினால்தான். நாங்களும் சந்தோஷமாக உட்கார்ந்துவிடுகிறோம். ஆனால் எழாத காலுக்குப் பலம் போய்விடும். பலம் போன கால் பயத்தை வளர்க்கும். பயம் இன்னும் உட்காரவைக்கும். பிறகு ஒருநாள் யாரும் இல்லாத நேரத்தில், ராத்திரி ஒரு மணிக்கு, நாங்கள் எழுந்தே தீர வேண்டியிருக்கும். அன்றைக்குக் கைகொடுப்பது அதுவரை பழக்கி வைத்திருக்கும் கால்கள் மட்டும்தான். ஆகவே தண்ணீர்ச் சொம்பை நாங்களே எழுந்து எடுத்துக்கொள்கிறோம். கொஞ்சம் மெதுவாகத்தான் வருவோம். அவசரப்படுத்தாதீர்கள்.